ஹல்வ்தான் கோஹ்ட்: உழவர் கிளர்ச்சிகளை எழுதிய வெளியுறவு அமைச்சர்

நார்வே என்னும் நாட்டின் பெயர் எங்கள் கடற்கரைக்கு மீன்பிடிப் படகின் வழியாக வந்தது. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வேயின் உதவியோடு மீன்வளத் திட்டம் தொடங்கியபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்தான் இருந்தன. அவை கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்வதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அத்திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய நார்வே அரசு தொழிலாளர் கட்சியின் அரசு. போரால் சீரழிந்து அப்போதுதான் தலைநிமிர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு நாடு, எங்கோ இருக்கும் மீனவருக்குப் பணம் அனுப்புவதற்கு எவ்விதமான அரசியல் காரணம் இருந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கிய நான், அக்கட்சியின் மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஒரு வரலாற்றாசிரியரிடம் போய் நின்றுவிட்டேன். படகுகளைப் பற்றிய படிப்பு அத்தோடு நின்றது.

அவர் பெயர் ஹல்வ்தான் கோஹ்ட். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் எழாத ட்ரோம்சோ நகரத்தில் 1873 ஜூலை 7 அன்று பிறந்தார். தந்தை ஆசிரியர், தாராளவாதக் கட்சியின் அரசியலில் நேரடியாக இறங்கியவர். கோஹ்டுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது குடும்பம் தெற்கே ஷேயென் நகருக்குக் குடிபெயர்ந்தது. அது நாடகாசிரியர் இப்சன் பிறந்த ஊர். பிற்காலத்தில் இப்சனின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களில் எழுதியவர் கோஹ்ட்தான். தலைநகரான கிறிஸ்டியானியாவில் (பின்னர் ஓஸ்லோ என்று பெயர் பெற்ற நகரம்) பட்டம் பெற்ற பின், கோபன்ஹேகன், லைப்சிக், பாரிஸ் ஆகிய இடங்களில் படித்தார். அரசர்களையும் உடன்படிக்கைகளையும் விட்டுவிட்டுச் சமூகம், பொருளாதாரம், மனப்பாங்கு ஆகியவற்றிலிருந்து வரலாற்றை விளக்க முயன்று, சக ஜெர்மானியப் பேராசிரியர்களின் கோபத்துக்கு ஆளான கார்ல் லாம்ப்ரெக்ட் அப்போது லைப்சிக்கில் இருந்தார். அந்தப் பாதிப்பு கோஹ்டிடம் கடைசிவரை இருந்தது. 1908-09இல் அமெரிக்காவில் தங்கியிருந்து, அங்கே பெருமுதலாளிகளும் தொழிலாளரும் நேருக்கு நேர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். 1910இல் பேராசிரியர் பதவி. அடுத்த ஆண்டே தொழிலாளர் கட்சியில் உறுப்பினர். பேராசிரியர்கள் அந்தக் கட்சியில் சேர்வது அன்றைய நார்வேயில் அரிதான செய்தி.

அவருடைய வரலாற்றுக் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு தேசம் என்பது தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. கீழே வைக்கப்பட்ட ஒவ்வொரு வர்க்கமும் தன் நலனுக்காகப் போராடி மேலே வரும்போதெல்லாம் தேசம் சற்று விரிவடைகிறது. முதலில் உழவர்கள், அடுத்து தொழிலாளர்கள். வர்க்கப் போராட்டம் தேசத்தைப் பிளக்கும் என்று வலதுசாரிகள் அஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், தேசத்தைக் கட்டுவதே அதுதான் என்றார் கோஹ்ட். மார்க்ஸிடமிருந்து பெற்றதையும் நார்வேயின் பழைய தேசியவாதத்தையும் அவர் ஒன்றாகப் பிணைத்த விதம் இது. புரட்சிக்காரர்களுக்கு இது மிகவும் மென்மையாகவும், பழமைவாதிகளுக்கு மிகவும் காரமாகவும் பட்டது.

இந்தக் கொள்கை உயிரோடு தெரிவது 1926இல் வெளிவந்த உழவர் கிளர்ச்சிகள் பற்றிய அவருடைய நூலில்தான். அதில் வரும் ஆட்களுள் ஒருவன் கிறிஸ்தியன் லோஃப்துஸ். தென் நார்வேயைச் சேர்ந்த உழவன்; தானிய வணிகத்தில் நகரத்து வணிகர்களுக்கிருந்த ஏகபோகமும் அதிகாரிகள் அடித்த கட்டணக் கொள்ளையும் பொறுக்காமல், ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டி, 1786இல் கோபன்ஹேகனுக்கே கப்பலேறிச் சென்று பட்டத்து இளவரசரிடம் முறையிட்டவன். (நார்வே அப்போது டேனிஷ் அரசரின் ஆட்சியில் இருந்தது.) அரசரிடம் போய்ச் சொன்னால் அதிகாரிகளின் அநியாயம் தீர்ந்துவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. விசாரணைக் குழு வந்தது, சில அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள், லோஃப்துஸும் பிடிபட்டான். ஆக்கர்ஷூஸ் கோட்டையில் சங்கிலியில் பிணைக்கப்பட்டே பத்து ஆண்டுகள் கிடந்து, 1797இல் இறந்தான்.

இதைப் படிக்கும் கன்னியாகுமரிக்காரன் எவனுக்கும் வேலுத்தம்பியின் ஊரான தலக்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. லோஃப்துஸ் இறந்து இரண்டே ஆண்டுகளில், 1799இல், அப்போது தளவாயாக (தலைமை அமைச்சராக) இருந்த ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் கட்டாய வசூலை எதிர்த்துத் தென் திருவிதாங்கூர் மக்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு நடந்த வேலுத்தம்பியும் அதே நம்பிக்கையோடுதான் போனார்: மகாராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்களே கெட்டவர்கள். ஆனால் இங்கே கதை வேறு விதமாகத் திரும்பியது. முறையிடப் போனவர் சில ஆண்டுகளில் தளவாய் ஆனார்; கடுமையான ஆட்சி நடத்தினார்; ஆங்கிலேயரோடு மோதி 1809இல் மண்ணடியில் உயிர் துறந்தார். வேலுத்தம்பி ஏற்கெனவே இரணியல் காரியக்காரர் (தாசில்தார் போன்ற அதிகாரி), நிலமும் குலமும் உள்ள குடும்பத்தவர். அவர் பின்னால் நடந்து போனவர்கள் யார், திரும்பி வந்தபோது அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை நம் நூல்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. கோஹ்ட் அந்தக் கூட்டத்தின் வரிப் பளுவிலிருந்தே தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். லோஃப்துஸைப் பற்றி எழுதும்போதும் அவர் அந்தத் தனி மனிதனைவிட, அவன் பின்னால் கையொப்பமிட்டவர்களையே பெரிதாக எண்ணினார்.

தோள்சீலைப் போராட்டத்தையும் இந்த வழியில் பார்க்கலாம். 1859 ஜூலை 26 அன்று வெளியான மகாராஜாவின் அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமையை, உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு, தந்தது. அதை மகாராஜாவின் கருணை என்று ஒரு சாராரும், சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தம் என்று ஒரு சாராரும், மிஷனரிகளின் சாதனை என்று இன்னொரு சாராரும் இன்றுவரை உரிமை கோருகிறார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பின்னரும் மறுவாரம் சீலை அணிந்தே சந்தைக்கு வந்தவர்கள்தாம் மற்ற மூவரையும் அசைய வைத்தார்கள். ஊழியமும் (கூலியில்லாக் கட்டாய வேலை) தலைவரியும் சுமந்த பனையேறிகளின் பொருளாதாரத்தோடு சேர்த்துப் பார்க்காமல் அந்தத் துணிச்சலை விளக்கவே முடியாது.

மார்த்தாண்டத்தில் நாங்கள் சிலர் கூடிப் படிக்கும் வட்டத்தில் கோஹ்டைப் பற்றி நான் பேசிய மாலையில், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மக்களே, கட்சிக்காரன் எழுதினா அது வரலாறு ஆகாது, நோட்டீசுதான் ஆகும்” என்றார். “அப்போ கட்சியில்லாம எழுதினவங்க யாரு சார்?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “நாகமய்யா” என்றார். திருவிதாங்கூரில் திவான் பேஷ்கார் என்னும் உயர் அதிகாரியாக இருந்தவர் அரசாங்கத்துக்காக எழுதி 1906இல் வெளிவந்த திருவிதாங்கூர் அரசுக் கையேட்டைத்தான் சொல்கிறார். அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது, அவர் உட்பட. எனினும் அவர் எழுப்பிய ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கோஹ்டின் வாழ்க்கையைப் படிக்கும் எவரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

என் விடை இது. கட்சிச் சார்பு கோஹ்டின் வரலாற்றைக் கெடுக்கவில்லை. அவருக்குக் கேள்விகளைக் கொடுத்தது. இதற்கு நல்ல சான்று, கட்சிக்கும் தேர்தலுக்கும் தொடர்பே இல்லாத அவருடைய இடைக்கால ஆய்வு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய அரசர் கதைகளைப் பழைய நார்வேயின் நேரான சாட்சியமாகவே அதுவரை பலரும் எடுத்துக்கொண்டிருந்தனர். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு கோஹ்ட் அதைக் கேள்விக்குள்ளாக்கினார்: ஸ்னோரி எழுதிய காலத்துக்குச் சற்று முன்பு அரசர் ஸ்வெர்ரேக்கும் பெருங்குடியினருக்கும் இடையே நடந்த கடும் போராட்டத்தின் கண்ணாடி வழியாகவே அவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அரசர்களையும் பார்த்தார்; ஆகவே அந்த நூலில் ஒலிக்கும் அரசர்-பிரபு மோதல், நடந்த காலத்தைவிட எழுதிய காலத்தையே அதிகம் காட்டுகிறது. மூலநூலுக்கே ஒரு பக்கம் உண்டு என்பதைக் கண்டுகொள்ளும் கூர்மை, தனக்கும் ஒரு பக்கம் உண்டு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டவருக்கு வாய்த்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சார்பு அவரை இழுத்துச் சென்ற இடங்களும் உண்டு. எல்லாப் போராட்டங்களும் இறுதியில் தேசத்துக்குள் இனிதே வந்து சேர்ந்துவிடும் என்பது போன்ற ஒரு தொனி அவர் எழுத்தில் இருக்கிறது. நிலமில்லாக் கூலிகளை நிலமுள்ள உழவர்கள் நடத்திய விதம் அந்தப் பெரிய ஓட்டத்தில் சற்று மங்கிப்போகிறது. 1814 அரசியல் சட்டம் நிலமுள்ள உழவருக்கு வாக்குரிமை தந்தது, 1830களில் உழவர்கள் நாடாளுமன்றத்தில் வலுவான அணியானார்கள், 1837இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது, 1884இல் யுகான் ஸ்வெர்ட்ரூப்பின் தலைமையில் அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானது என்று படிப்படியாக ஏறும் கதை அது. ஸ்வெர்ட்ரூப்பின் வாழ்க்கையை மூன்று பாகங்களில் எழுதியவருக்கு அந்தப் படிக்கட்டின் மேல் நம்பிக்கை வைக்காமல் இருப்பது கடினம்.

மொழிப் போரிலும் அவர் இறங்கினார். டேனிஷ் சாயல் கொண்ட நகரத்து எழுத்துமொழிக்கும் கிராமப் பேச்சுகளிலிருந்து உருவான எழுத்துமொழிக்கும் இடையே நார்வேயில் நடந்த நெடும் சச்சரவில், இரண்டும் மக்கள் பேச்சின் அடிப்படையில் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1921 முதல் 1925 வரை கிராமத்து மொழி இயக்கத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தக் கலப்புத் திட்டத்தை இரு தரப்பும் வெறுத்தன, இறுதியில் அது கைவிடப்பட்டது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் களியக்காவிளைச் சந்தையில் ஒரு நாள் நின்று கேட்டவர்களுக்கு, பேச்சுகள் தாமாகக் கலப்பதும் குழு அமைத்துக் கலப்பதும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்கும்.

1926இல் ஜெனீவாவில் அமைந்த பன்னாட்டு வரலாற்று அறிவியல் குழுவின் முதல் தலைவர் அவர். 1928இல் ஓஸ்லோவில் நடந்த மாநாட்டில், உலகப் போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் வரலாற்றாசிரியர்கள் சோவியத் அறிஞர்களோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்தார்கள். நோபெல் அமைதிப் பரிசுக் குழுவிலும் நீண்ட காலம் உறுப்பினர். 1935 மார்ச்சில் நீகோர்ஸ்வோல் தலைமையில் தொழிலாளர் கட்சி அமைச்சரவை அமைத்தபோது, அறுபத்தொரு வயதுப் பேராசிரியர் வெளியுறவு அமைச்சரானார்.

வந்தவுடனே சோதனைகள் தொடங்கின. ஸ்டாலினால் நாடு கடத்தப்பட்டுப் புகலிடம் கேட்டு வந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியை ஏற்றுக்கொண்ட அதே அரசு, சோவியத் நெருக்குதலுக்குப் பணிந்து அவரைக் காவலில் வைத்து, 1936 டிசம்பரில் மெக்சிகோவுக்குக் கப்பலேற்றியது. அந்த அத்தியாயத்தில் கோஹ்டுக்குப் பெருமை எதுவும் இல்லை. அதே ஆண்டு, நாஜி வதைமுகாமில் சிதைக்கப்பட்ட இதழாளர் கார்ல் ஃபொன் ஒஸியட்ஸ்கிக்கு அமைதிப் பரிசு வழங்கும் கேள்வி எழுந்தது. பரிசு கொடுத்தால் அது நார்வே அரசின் செயல் என்று பெர்லின் சொல்லும் என்பதால் கோஹ்ட் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். முன்னாள் பிரதமர் மோவின்கெலும் விலகினார். பரிசு அறிவிக்கப்பட்டது. இனி எந்த ஜெர்மானியரும் நோபெல் பரிசு பெறக் கூடாது என்று ஹிட்லர் தடை விதித்தார். விலகியது கோழைத்தனம் என்போர் உண்டு. பரிசு கிடைப்பதற்கு வழிவிட்டு ஒதுங்கினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி 1940. முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை வகித்துத் தப்பியது. இப்போதும் அப்படியே தப்பலாம் என்பது கோஹ்டின் கணக்கு. போரில் சிக்கியே ஆக வேண்டுமென்றால் தவறான பக்கத்தில், அதாவது பிரிட்டனுக்கு எதிராக, போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த இரண்டாம் விதி. பிரிட்டிஷ் கடற்படை உலவும் கடலைத் தாண்டி ஜெர்மானியர் நார்வேயில் படையிறக்க முடியாது என்று அவர் நம்பினார். ஏப்ரல் 8 அன்று பிரிட்டன் நார்வேயின் கடற்பரப்பில் கண்ணிவெடிகளை இட்டது. அரசும் நாடாளுமன்றமும் நாள் முழுவதும் அதற்கான கண்டனத்திலேயே மூழ்கியிருந்தன. அதே நாளில் தென் கரையில் ஒரு போலந்து நீர்மூழ்கிக் கப்பல் ரியோ டி ஜெனிரோ என்னும் ஜெர்மானியக் கப்பலை மூழ்கடித்தது. கரையேற்றப்பட்டவர்கள் சீருடை அணிந்த படைவீரர்கள். நார்வேக்காரர்களுக்கு உதவ பெர்கன் நகருக்குப் போவதாக அவர்களே சொன்னார்கள். செய்தி ஓஸ்லோவுக்கு வந்தது. யாரும் அதை அது சொல்ல வந்த பொருளில் படிக்கவில்லை.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஸ்னோரியின் வரிகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டவர், அன்று மாலை மேசைக்கு வந்த தந்திக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை. வரலாறு எந்தத் திசையில் போகிறது என்பதை அறிந்திருப்பதாக நம்பியவர், அந்தத் திசைக்கு ஒத்துவராத செய்தியை ஒதுக்கிவிட்டார். மார்த்தாண்டத்து ஆசிரியர் எதிர்பார்த்த சேதம் நூல்களில் நேரவில்லை, அமைச்சகத்தில் நேர்ந்தது.

ஏப்ரல் 9 விடிவதற்கு முன், நாலரை மணியை ஒட்டி, ஜெர்மானியத் தூதர் குர்ட் ப்ராயர் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்தார். நகரம் இருட்டடிப்பில் இருந்தது; நூலக அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். தூதர் நீண்ட கோரிக்கைப் பட்டியலை வாசித்தார்: எதிர்ப்பின்றி நாட்டை ஒப்படைக்க வேண்டும். அமைச்சரவையைக் கேட்க வேண்டும் என்று கூறி கோஹ்ட் உள்ளே போனார். அமைச்சர்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். நீண்ட விவாதம் நடக்கவில்லை. திரும்பி வந்து, நாங்கள் விருப்பத்தோடு பணிய மாட்டோம், போர் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது: ஏறத்தாழ அதே வேளையில் ஓஸ்லோ நீரிணையில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகள் ப்ளூஹர் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கப்பல் மூழ்கியதால் கிடைத்த சில மணி நேரத்தில் அரசரும் அமைச்சர்களும் நாடாளுமன்றமும் ரயிலேறித் தலைநகரை விட்டு வெளியேறினார்கள்.

ரயில் நிலையத்தில் வானொலிச் செய்தியாளரிடம் கோஹ்ட் பொது அணிதிரட்டல் ஆணையிடப்பட்டுவிட்டது என்றார். இரவில் அரசு முடிவு செய்திருந்தது பகுதி அணிதிரட்டல், அதுவும் கடிதம் மூலம் அழைப்பு அனுப்பும் முறை, ஏப்ரல் 11 முதல் நாள். படையெடுப்பு நடந்துகொண்டிருக்கையில் தபாலில் ஆள் கூப்பிடுவது எத்தகைய அபத்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமைச்சரின் வாய் தவறிய அந்தச் செய்தியைக் கேட்டு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தாமாகவே படை முகாம்களுக்குப் போய் நின்றார்கள். அவர் ஆட்சியில் செய்த மிகப் பயனுள்ள காரியம் அந்தத் தவறான செய்தியே என்று கூடச் சொல்லலாம்.

இரண்டு மாதங்கள் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபடியே போர் நடந்தது. ஜூன் 7 அன்று அரசரும் அரசும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நாட்டை விட்டுப் புறப்பட்ட துறைமுகம் ட்ரோம்சோ, கோஹ்ட் பிறந்த ஊர். லண்டனில் அவருடைய பழைய நடுநிலைப் போக்கைச் சக அமைச்சர்களே தாங்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் விலக, ட்ரிக்வே லீ அந்தப் பொறுப்புக்கு வந்தார், பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் முதல் பொதுச் செயலாளர் ஆனவர். கோஹ்ட் போர் முடியும்வரை அமெரிக்காவில் இருந்தார். நாடு திரும்பியபோது விசாரணைக் குழு காத்திருந்தது. 1940க்கு முந்தைய எச்சரிக்கைகளை உதாசீனப்படுத்தியதற்காக அது அவரைக் கடுமையாகக் குறை கூறியது. அன்று முதல் நார்வே மக்களில் பலருக்கு அவர் ஏப்ரல் 9இன் பலியாடாகவே ஆனார். கடற்படையும் தரைப்படையும் அமைச்சரவை முழுவதும் சேர்ந்து தூங்கிய தூக்கத்துக்கு ஒருவரே விலை கொடுத்தது நியாயமன்று. அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஐயமும் இல்லை.

அதன் பின் இருபது ஆண்டுகள் அவர் எழுதினார். போர்க்காலத்தில் தாம் எடுத்த முடிவுகளை ஆவணங்களோடு நியாயப்படுத்தும் நூல்கள் அவற்றுள் சில. அவற்றைப் படிக்கையில் வரலாற்றாசிரியரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே பேனாவைப் பிடித்திருப்பது தெரியும். வரலாற்றின் இயக்கு விசைகள் பற்றி எண்பது வயதுக்கு மேல் அவர் எழுதிய சிறு நூல் 1964இல் ஆங்கிலத்தில் வந்தது. முதலில் படிக்க விரும்புவோருக்கு அதையே சொல்வேன். 1965 டிசம்பர் 12 அன்று, தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். அமைச்சராக இருந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1985இல் அச்சேறியது. நார்வேஜிய மொழி தெரிந்த ஒருவர் அந்த நாட்குறிப்பையும் அவருடைய தற்காப்பு நூல்களையும் எதிரெதிரே வைத்துத் தமிழில் எழுதித் தருவாரானால், இந்த மாவட்டத்தில் அதை முதலில் வாங்குபவன் நானாகவே இருப்பேன்.